நடுவில் நிறுத்தக்கூடாது

மெஷினின் நொண்டிச் சக்கரம் வழக்கம்போல சமையலறை வாசற்படியில் மாட்டிக்கொண்டது. பெரியவள் இடுப்பை அதன்மேல் சாய்த்து ஒரு முட்டு முட்டினாள். "இன்னிக்காவது அடம் பிடிக்காம வாடியம்மா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினாள். மூன்று சக்கரங்கள் உள்ளே வந்தன. நான்காவது கொஞ்சம் யோசித்து, ஒரு முனகல் முனகிவிட்டு வந்து சேர்ந்தது. கூடத்துக் கட்டிலில் கிடந்த அப்பாவுக்கு அந்த முனகல் கேட்டிருக்க வேண்டும். காலையிலிருந்து மூடியே இருந்த கண்ணைத் திறந்தார்.

"சின்னவ வந்துட்டாளா?"

"வந்துட்டாப்பா. இதோ உள்ள கூட்டிட்டு வந்துட்டேன்."

தெரியாதவர்கள் கேட்டால் கட்டிலில் கிடப்பவருடைய சின்ன மகள் வந்துவிட்டாள் என்றுதான் நினைப்பார்கள். சின்ன மகள் ஒருத்தி இருக்கத்தான் இருந்தாள், வேறொரு ஊரில், ரயிலில் ஒரு ராத்திரி தூரத்தில். ஆனால் ஆறு வருஷமாக அந்த வீட்டில் சின்னவள் என்றால் பாத்திரம் கழுவுகிற மெஷின். 'சின்னவ குளிச்சாளா' என்றால் மெஷின் ஓடி முடிந்ததா என்று அர்த்தம். 'சின்னவ சாப்பிட்டாளா' என்றால் அழுக்குத் தட்டுகளை உள்ளே அடுக்கியாயிற்றா என்று அர்த்தம். அப்பா வைத்த பேர், அப்பா வைத்த பாஷை. பெரியவளும் பேசிப் பேசி அதற்குப் பழகிப்போனாள்.

அன்று காலை வந்த நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். பையை மூடினாள். வாசல்வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டே, "சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் சொல்லிடுங்க. இன்னிக்கோ நாளைக்கோ" என்றாள். பெரியவள் தலையாட்டினாள். சொல்ல வேண்டியவர்கள் என்று பெரிய பட்டியலா இருக்கிறது? அப்பாவுடைய தங்கை ஒருத்தி, இரண்டு தெரு தள்ளி. அத்தைக்குச் சொல்லியாயிற்று. மிச்சம் ஒரே ஒரு ஆள்.

மூன்று நாளாக அந்த ஒரு ஆளுக்குப் போன் செய்ய எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள் பெரியவள். எடுக்கும்போது ஒரு நியாயம் தோன்றும், வைக்கும்போது இன்னொரு நியாயம் தோன்றும். அவள் வந்து நிற்கும்போது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டால்? அந்த அவமானத்தை யார் தாங்குவது? இது சொல்லிக்கொள்ளக்கூடிய நியாயம். சொல்லிக்கொள்ள முடியாத ஒன்றும் அடியில் கிடந்தது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்ளாவிட்டால்? ஆறு வருஷம் மருந்து கொடுத்து, முதுகு துடைத்து, திட்டு வாங்கினவள் ஒருத்தி, கடைசி நாளில் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறவள் இன்னொருத்தியா? இப்படி நினைத்ததற்குப் பெரியவள் வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டாளே தவிர, போன் செய்யவில்லை.

அந்த மூன்று நாளும் அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். முதல் நாள், "சின்னவ எங்க?" பெரியவள், "நடையில நிக்கிறாப்பா" என்றாள். மறுநாள், "சின்னவ சத்தமே காணோமே." அது உண்மைதான். அப்பாவுக்கு இரைச்சல் ஆகாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து மெஷினை நடையில் தள்ளிவைத்துவிட்டு, இருக்கிற இரண்டு தட்டையும் நாலு கப்பையும் பெரியவள் கையாலேயே கழுவிக்கொண்டிருந்தாள், அதுவும் அவருக்குக் கேட்காதபடி குழாயை நூல்போலத் திறந்துவிட்டு. கேட்டிருந்தால் படுத்த படுக்கையிலிருந்தே சண்டைக்கு வந்திருப்பார். அவர் வீட்டில் கையால் பாத்திரம் தேய்ப்பது பெருங்குற்றம்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் முப்பத்தோரு வருஷத்தைச் சொல்ல வேண்டும். அப்பா ஒரு பெரிய ஓட்டலின் பின்கட்டில் பாத்திரம் கழுவியவர். அங்கே ஜன்னல் கிடையாது. மூன்று தொட்டி: ஒன்றில் கொதிநீர், ஒன்றில் சோப்பு, ஒன்றில் பச்சைத் தண்ணீர். விடுமுறை நாளில்கூட அவர் விரல் நுனிகள் ஊறிச் சுருங்கித்தான் இருக்கும். பொத்தான் போடும்போது நகக்கண் வெடித்து ரத்தம் வரும், சட்டையில் படாமல் வாயில் வைத்து உறிஞ்சிக்கொள்வார். அவர் வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷம் கழித்து, ஒரு நாள், ஓட்டலின் தலைமைச் சமையல்காரர் வீடு மாறிப் போகும்போது, "எனக்கு இதுக்கு இடமில்ல, நீ எடுத்துக்கோ" என்று ஒரு மெஷினைக் கொடுத்தார். அப்போதே அது பழசு. பால் நிறத்தில், இடுப்பு உயரத்தில், மேலே மரப்பலகை மூடி, கீழே நாலு சக்கரம், பின்னால் சுருட்டி வைத்த ஹோஸ்.

வண்டி வைத்துக் கொண்டு வரலாம் என்று யாருக்கும் தோன்றும். அப்பாவுக்குத் தோன்றவில்லை. சக்கரம் இருக்கிறதே, அது எதற்கு, போவதற்குத்தானே? ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை அதை நடுத்தெருவில் உருட்டிக்கொண்டே வந்தார். பஸ்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. நாலாவது சக்கரம் அன்றைக்கு நொண்டினதுதான்.

வாசலில் வந்து நின்ற கணவரையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அம்மா, "ஓகோ, இவதான் என் சக்களத்தியா?" என்று கேட்டாள். அந்தப் பேரே கொஞ்ச காலம் நிலைத்தது. ஆனால் முதல் தடவை அதை ஓட்டியபோது, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அதற்கு எதிரே உட்கார்ந்தவள் ஐம்பது நிமிஷமும் எழுந்திருக்கவில்லை. மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். "என்னடி பாக்கற?" என்று அப்பா கேட்டதற்கு, "கையை என்ன பண்றதுன்னு தெரியல" என்றாளாம். அப்பா அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை சொல்வதுபோலச் சொல்வார்.

அம்மா போய்ப் பல வருஷம் ஆகியும் மெஷின் ஓடிற்று. அப்பாவே அதற்கு வைத்தியம் பார்த்தார். வாஷர் தேய்ந்தால் சைக்கிள் டியூபை வெட்டிப் போடுவார். அடியில் சுழலும் காத்தாடியில் எலுமிச்சை விதை மாட்டிக்கொண்டால் முழங்கையை உள்ளே விட்டுத் தடவி எடுப்பார். அடுக்குவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது: தட்டுகள் எல்லாம் நடுவைப் பார்க்க வேண்டும், கப்புகள் தலை குனிந்து ஒரு பக்கம் சாய வேண்டும், கரண்டிகள் ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்துக்கொள்ளக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சட்டம் உண்டு. ஓட ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்தக்கூடாது.

"நடுவுல நிறுத்தினா தண்ணி வயித்துலயே தங்கிடும். மோட்டார் போச்சுன்னா அவ்வளவுதான், இந்த உலகத்துல இனிமே கிடைக்காது."

வீடே இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. போன் அடித்தால் எடுப்பதில்லை, இரைச்சலில் என்ன பேசுவது? விருந்தாளி தண்ணீர் கேட்டால், "கொஞ்சம் இருங்க, குழாய் ஓட்டத்துல இருக்கு" என்று பதில் வரும். மகள்கள் இரண்டு பேரும் சின்ன வயதில், மெஷினின் பக்கவாட்டில் ஆளுக்கு ஒரு காதை ஒட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே மழை பெய்கிறது என்று அப்பா சொல்லியிருந்தார். பெரியவளுக்கு எட்டு வயது, நம்பவில்லை. தங்கைக்கு ஐந்து வயது, ஓட்டம் முடிந்து மூடியைத் திறந்ததும் உள்ளே எட்டிப் பார்த்து, மேகம் எங்கே போயிற்று என்று தேடுவாள்.

அப்பேர்ப்பட்டவள்தான் மெஷினைத் தூக்கிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டாள். விதி என்று சொல்வதா, விஷமம் என்று சொல்வதா? ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ஹோஸ் ஒழுகிச் சமையலறையெல்லாம் தண்ணீர். அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோயிற்று. அவர் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தங்கை ஆள் வைத்து மெஷினை அப்புறப்படுத்திவிட்டுப் புதிது ஒன்றை வாங்கி மேடைக்கு அடியில் பொருத்தினாள். இனி ஒரு சொட்டு ஒழுகாது. பயத்தில் செய்தாள், பாசத்தில் செய்தாள். வீடு திரும்பிய அப்பா காலி மூலையைப் பார்த்தார். ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு நாலு தெரு நடந்து இரும்புக் கடைக்குப் போய், மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு உடைந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அதை ஏற்றிக்கொண்டுவந்து வீட்டில் இறக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் சின்ன மகளைப் பார்த்துச் சொன்னதும், அவள் அவரைப் பார்த்துச் சொன்னதும் பெரியவளுக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"நான் படுத்துக் கிடக்கறப்பவே இதைத் தூக்கி வெளிய போட்டவ, நாளைக்கு என்னைப் போட மாட்டியா?"

"வழுக்கி விழுந்தது நீங்க. அந்தத் தண்ணியில உங்களைத் தேடி எடுத்தது நான். அது உங்களுக்கு ஞாபகம் இருக்காப்பா?"

இரண்டு பேரும் ஒரே அச்சு. யார் இறங்கி வருவது? ஒரே வாரத்தில் தங்கை வெளியூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். புது மெஷின் கடைக்கே திரும்பிப் போயிற்று. மறுநாள் காலையில் அப்பா எழுந்து வந்து, பழைய மெஷினின் மரமூடியில் உள்ளங்கையை வைத்து, "என்ன சின்னவளே, எழுந்தாச்சா?" என்று கேட்டார். பெரியவள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சே, பெற்ற மகளின் இடத்தை ஒரு தகரப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டாரே என்று அவளுக்குக் கோபமாக வந்தது. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் தங்கையிடம் போனில் பேசுவாள். இதை மட்டும் சொன்னதில்லை.

இப்போது பெரியவள் ஹோஸின் வாயைக் குழாயில் கவ்வ வைத்தாள். டக்கென்று ஒரு சத்தம். சிங்க்கில் கிடந்ததை எடுத்து அடுக்கினாள். பாதிகூட நிரம்பவில்லை. சும்மா ஓட்டினால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று அலமாரியிலிருந்து சுத்தமான தட்டுகளையும் எடுத்து வைத்தாள்.

"சாப்பிட்டாளா?" என்றது கூடத்திலிருந்து குரல். குரல் என்று சொல்ல முடியாது, காற்று.

"இதோ, சாப்பிட்டுக்கிட்டே இருக்காப்பா."

"வயிறு நிறையப் போடு."

"போடறேன்ப்பா."

குமிழைத் திருப்பினாள். மெஷின் ஒரு நிமிஷம் தண்ணீரை உறிஞ்சியது, தொண்டையைச் செருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. தரை லேசாக அதிர்ந்தது. அலமாரிக் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று மெல்லப் பேச ஆரம்பித்தன. மதியம் இரண்டு மணி, திரைச்சீலை வழியாக வந்த வெளிச்சம் சுவரில் அசைந்தது, அசைவது வெளிச்சமா வீடா என்று தெரியவில்லை. அப்பாவின் முகம் தளர்ந்தது. இரண்டு வாரமாக நெற்றியில் நின்றிருந்த சுருக்கம் போய்விட்டது. அப்பாடா, சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று பெரியவள் நினைத்தாள். கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து வைத்துக்கொண்டாள். வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் விரல் நுனிகள் சுருங்கியே இருந்தன.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

"சாவி வெச்சிருக்காளான்னு கேளு" என்றார் அப்பா.

"யாருப்பா?"

"சின்னவதான். சாவி இல்லாம போயிடுவா. வந்து கதவைத் தட்டிட்டு நிப்பா. நீ தூங்கிடாத."

மெஷினுக்கு ஏது சாவி? பள்ளிக்கூட நாளிலிருந்து சாவியை மறந்துவிட்டுப் போய் வாசலில் நிற்கிற ஒரே ஆள் இந்த வீட்டில் யார்? மூன்று நாளாக இவர் யாரைக் கேட்கிறார், நான் எதை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறேன்?

எழுந்தாள். போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். இரைச்சலில் தன் மூச்சே தனக்குக் கேட்கவில்லை. குமிழில் கை வைத்தாள். ஒரு திருப்பு திருப்பினால் நின்றுவிடும். நாற்பது வருஷத்தில் யாரும் திருப்பியதில்லை. இன்னும் நாற்பது நிமிஷம்தானே, ஓட்டம் முடியட்டும், சத்தம் அடங்கட்டும், அப்புறம் நிதானமாகப் போன் போட்டு அப்பா காதில் வைக்கலாம், தங்கையின் குரல் தெளிவாகக் கேட்குமே என்று நினைத்தாள். கையை எடுத்துவிட்டாள். இப்படியும் ஒரு மனுஷி நினைப்பாளா என்று கேட்டால், அந்த வீட்டில் வளர்ந்தவள் அப்படித்தான் நினைப்பாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். போன் மடியில் கிடந்தது. அப்பாவின் கை அவள் கையில் இருந்தது. மூன்று ராத்திரி கண் மூடாதவள். அதிர்கிற தரையும் அசைகிற வெளிச்சமுமாகக் கட்டில், நாற்காலி, அப்பா, அவள் எல்லோரும் எங்கேயோ மெல்லப் போய்க்கொண்டிருப்பதுபோல இருந்தது. தூங்கினாளா, முழித்திருந்தாளா, அவளுக்கே தெரியாது. தரை சில்லென்று தொடையில் பட்டது. காது தகரத்தில் ஒட்டியிருந்தது. உள்ளே மழை பெய்தது. இந்தப் பக்கம் தான், அந்தப் பக்கம் தங்கை, நடுவில் மழை. அப்பா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, இரண்டு பேர் தலையிலும் கை வைத்து, "நனைஞ்சிடாதீங்க" என்று சொன்னார்.

மெஷின் அழுக்குத் தண்ணீரைத் துப்பியது. முதல் அலசலுக்குத் தண்ணீர் ஏறியது. அப்போது அப்பாவின் விரல் அவள் விரலை ஒரு தடவை அழுத்தியது. இரண்டாவது அலசலில் அழுத்தவில்லை.

டக் என்று குமிழ் தானாக நின்றது. வீட்டில் அப்படி ஒரு நிசப்தம். பெரியவள் அப்பாவைப் பார்த்தாள், பார்த்ததும் தெரிந்துவிட்டது. அழுகை வரவில்லை. எழுந்து போய் மெஷினின் மூடியைத் திறந்தாள். ஓட்டம் முடிந்ததும் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மூடியில் கோத்த நீர் தட்டுமேல் சொட்டும். ஆவி கிளம்பி அவள் முகத்தில் அடித்து, கூரைக்குப் போயிற்று. அதன் பிறகுதான் போனை எடுத்தாள்.

"என்னக்கா, இந்த நேரத்துல?" என்றாள் தங்கை. ஆபீஸ் சத்தம் பின்னால் கேட்டது.

"அப்பா போயிட்டார்டி."

"எப்போ?"

"இப்பதான். ரெண்டாவது அலசல்ல."

எந்த ஊரில், எந்த வீட்டில், சாவுக்கு இப்படி நேரம் சொல்வார்கள்? தங்கை அதைத் திருப்பிக் கேட்கவில்லை. "வரேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ராத்திரி ரயிலைப் பிடித்துக் காலையில் வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். அது பெரியவளுக்குத் தெரியாது. போனில் கண்ணாடி தெரியுமா? அப்பாவின் காலடியில் நின்றவள் நின்றபடியே இருந்தாள். அத்தைதான், "பக்கத்துல போடி, கடிக்க மாட்டார். உயிரோட இருந்தப்பவே அவருக்குக் குரைக்க மட்டும்தான் தெரியும்" என்று சொல்லித் தள்ளிவிட்டாள். சொல்லிவிட்டு அத்தையே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதற்குள் ஓட்டலில் அப்பாவோடு வேலை செய்த நாலைந்து கிழவர்கள், அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்துவிட்டார்கள். அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ள நேரமே இல்லை. அப்பாவை எடுத்துக்கொண்டு போய், திரும்பி வந்து, வந்தவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பி, வீடு அடங்கும்போது மணி நாலு.

சமையலறையில் கப்புகள் மேடையெல்லாம், ஜன்னல் கட்டையெல்லாம் நின்றன. சிலதில் பாதி டீ. அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிங்க்கை நோக்கி நடந்தாள்.

"வைங்க அத்தை. கையால வேண்டாம்."

"ஆமா, உங்க அப்பா எழுந்து வந்து சண்டை போடப் போறார்" என்று சொன்னாளே தவிர, அத்தையும் கையை இழுத்துக்கொண்டாள். கூடத்து நாற்காலியில் போய்ச் சாய்ந்தவள் இரண்டு நிமிஷத்தில் குறட்டை விட்டாள்.

தங்கை வந்து கப்புகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு நீட்டினாள். பெரியவள் அடுக்கினாள். நேற்றைய தட்டுகளை யாரோ எடுத்து வைத்திருந்தார்கள்.

"இது இன்னும் ஓடுதா?" என்று தங்கை கேட்டாள்.

"எங்க நிக்குது?"

பெரியவள் சோப்புத்தூளைப் போட்டு மூடினாள். குமிழில் கை வைத்தபோது தங்கை முதுகுக்குப் பின்னாலிருந்து, "அக்கா, என்னைக் கேட்டாரா?" என்றாள்.

பெரியவளின் கை அதுபாட்டுக்குக் குமிழைத் திருப்பிவிட்டது. மெஷின் செருமிக்கொண்டு பிடித்தது. அப்பா கொடுத்த ஐம்பது நிமிஷம் என்று வைத்துக்கொள்ளலாம், பதில் சொல்லாமல் இருக்க ஒரு சாக்கு. இரண்டு முக்காலியை இழுத்துப் போட்டு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முழங்கால் கிட்டத்தட்ட இடித்தது. தங்கையின் தலையில் நரை இருந்தது. அவள் கேட்டதை மறுபடி கேட்கவில்லை. பதில் வருமென்று நம்பி, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அம்மா உட்கார்ந்ததுபோல.

ஆமாம், கேட்டார், தினமும் உன் பேரைத்தான் சொன்னார் என்று சொல்லிவிட்டால் போதும். அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. தங்கை அழுவாள், தேறுவாள், ரயிலேறிப் போவாள், பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் போன் வரும். உள்ளதைச் சொன்னால்? அம்மா இல்லை, அப்பா இல்லை, இவளும் போய்விட்டால் பெரியவளுக்கு அத்தையின் குறட்டைதான் மிச்சம். பெரியவள் பயந்தாள். முதல் தண்ணீர் வடியும்வரை பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். அலசலுக்குத் தண்ணீர் ஏறியபோது அவளால் முடியவில்லை.

"மூணு நாளா கேட்டார்" என்றாள். மெஷினுக்கு மேலே கத்த வேண்டியிருந்தது. "சின்னவ எங்க, சின்னவ எங்கன்னு."

தங்கை காதைக் கிட்டே கொண்டுவந்தாள்.

"இதைத்தான் சின்னவன்னு கூப்பிடுவார். இந்த மெஷினை. நீ போனதுக்கப்புறம். அதனால நான் இதை உருட்டிட்டு வந்து நிறுத்தினேன். அப்புறம் சாவி வெச்சிருக்காளான்னு கேட்டார். அப்பதான்டி எனக்குப் புரிஞ்சுது. போனைக் கையில எடுத்துட்டேன். எடுத்துட்டு, இது ஓடி முடியட்டும்னு..."

அந்த நொடியில் மெஷின் தண்ணீரைத் துப்பி முடித்து, அடுத்த அலசலுக்கு முன்னால் மூச்சு வாங்க நின்றது.

"உக்காந்திருந்தேன்" என்ற வார்த்தை காலி வீட்டில் கத்தலாக விழுந்தது. கூடத்தில் அத்தையின் குறட்டை நின்று, மறுபடி தொடங்கியது.

தங்கை அசையவில்லை. தண்ணீர் ஏறியது, அலசியது, வடிந்தது. பிறகு உலர்த்துகிற சூடு மட்டும். அதற்குப் பெரிய சத்தம் கிடையாது.

"நிறுத்தியிருக்கலாம்ல" என்றாள் தங்கை.

"நிறுத்தியிருக்கலாம்."

"ஒரு திருப்பு திருப்பினா நின்னிருக்கும்."

"ஆமாம்."

"நாற்பது நிமிஷம் போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தியா?"

"ஆமாம்டி."

"நான் உன்னை என்ன சொல்றதுன்னே தெரியலக்கா." அவள் குரலில் கோபம் இருந்தது, சுத்தமான கோபம். எழுந்து ஜன்னலுக்குப் போனாள். வெளியே ஒருவர் கடையின் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். அது முழுக்க இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. சரி, போகட்டும், சொல்லியாயிற்று என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள்.

"எப்பலேருந்து?" என்று ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள் தங்கை.

"எது?"

"இதை அப்படிக் கூப்பிட்டது."

"நீ போன மறுநாள் காலையிலேருந்து."

"என்னைத் திட்டறதுக்கா?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். திட்டி ஒரு நாளும் கேட்டதில்லடி. எழுந்ததும் முதல் வேலையா அதும்மேல கை வெச்சு, சின்னவளே, எழுந்தாச்சாம்பார். மத்தியானம் சாப்பிட்டாளாம்பார். டியூப் விட்டுப்போச்சுன்னா, சின்னவளுக்குச் சளி, யாரும் சத்தம் போடாதீங்கம்பார். குளிர் நாள்ல சாயங்காலம் ஆனா என் பழைய சால்வையை எடுத்து அதும்மேல போத்தி விடுவார். பைத்தியமாப்பா உங்களுக்குன்னு நான் சிரிப்பேன்."

"தினமுமா?"

"ஒரு நாள் விடாம."

சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் பெரியவளுக்கே அது உறைத்தது. ஆறு வருஷமாகக் காலையில் எழுந்ததும் அந்த வீட்டில் முதலில் கூப்பிட்ட பேர் தன்னுடையது அல்ல. அதற்கு இப்போது அவளுக்குப் பொறாமை வரவில்லை.

குமிழ் டக்கென்று நின்றது. பெரியவள் எழுந்திருப்பதற்குள் தங்கை வந்து மரமூடியைத் தூக்கினாள். ஆவி குபீரென்று மேலே வந்து அவள் கண்ணாடியை மூடிவிட்டது. இரண்டு கண்ணும் வெள்ளையாகிவிட்டன. பெரியவள் முந்தானையை நீட்டினாள். தங்கை அதை வாங்கவும் இல்லை, கண்ணாடியைக் கழற்றவும் இல்லை. அப்படியே குனிந்து, உள்ளே கையை விட்டு, கப்புகளைத் தடவித் தடவி ஒவ்வொன்றாக எடுத்து மேடைமேல் வைத்தாள். எல்லாம் கொதிக்கக் கொதிக்க இருந்தன, அவள் கையை மாற்றிக்கொள்ளவில்லை.